புதிய வெளிப்புற ஹார்ட் டிஸ்க்: எக்ஸ்ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா?

புதிதாக வாங்கிய வெளிப்புற ஹார்ட் டிஸ்கைக் கணினியில் செருகியதும் அது தானாகத் திறந்துகொள்வதால், அதை எந்த முறையில் பார்மட் செய்து பயன்படுத்த வேண்டும் என்ற கேள்வியைப் பெரும்பாலோர் எழுப்புவதேயில்லை. எழுப்புகிறவர்களுக்குச் சேலத்துக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "எக்ஸ்ஃபேட் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் வேலை செய்யும்" என்பதுதான். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்பவை டிஸ்கில் கோப்புகளை எழுதிக் கணக்கு வைக்கும் இரண்டு முறைகள். கடைக்காரரின் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஐந்து ரோடு பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோவுக்கும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு டிசைன்களையும் பில்களையும் சேமித்துவைக்கும் வெள்ளிப் பட்டறைக்கும், ஏற்காட்டில் கூலிக் கணக்கு வைத்திருக்கும் காப்பி எஸ்டேட் அலுவலகத்துக்கும் ஒரே பதிலைச் சொல்வது சரியாகாது. விண்டோஸ் கணினிகளுக்குள் மட்டும் சுற்றப்போகும் டிஸ்குக்கு என்டிஎஃப்எஸ், மேக்கும் விண்டோஸும் மாறி மாறி எழுதப்போகும் டிஸ்குக்கு மட்டும் எக்ஸ்ஃபேட் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை ஒன்றுக்கொன்று எதிரே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் இன்னொரு பழைய முறையான ஃபேட்32-ஐ ஒதுக்கிவிடுவோம். 1996-இல் விண்டோஸ் 95-இன் பிந்தைய பதிப்போடு வந்த இந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ ஆறு நிமிடத்துக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். முகூர்த்த நேரத்துப் பதிவு முழுவதும் ஒரே கோப்பாக இருந்தால் அது இந்த டிஸ்கில் ஏறவே ஏறாது. பழைய கார் ஸ்டீரியோவுக்கான பென் டிரைவோடு ஃபேட்32-இன் வேலை முடிந்துவிட்டது.

மீதி இருக்கும் இரண்டில் என்டிஎஃப்எஸ் 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன், அலுவலகக் கணினிகளின் உள் டிஸ்குக்காக உருவாக்கப்பட்டது. எக்ஸ்ஃபேட் 2006-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலேயே, மெமரி கார்டு போன்ற கையடக்கச் சாதனங்களை மனதில் வைத்து வெளியிடப்பட்டது. கேமராக்களில் போடும் 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் இந்த முறையில்தான் வருகின்றன. பிறந்த இடம் வேறு என்பதால் இரண்டின் குணமும் வேறாகிறது. எக்ஸ்ஃபேட் எளிமையை விரும்புகிறது. என்டிஎஃப்எஸ் எதையும் பதிவு செய்துவைத்துக்கொள்ள விரும்புகிறது.

அந்தப் பதிவின் அருமை மின்சாரம் போகும்போதுதான் தெரியும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்காவது முன்கூட்டியே அறிவிப்பு வரும். கோடை மழையில் மரக்கிளை மின்கம்பியில் விழுந்து ஏற்காட்டில் மின்சாரம் நிற்பதற்கு எந்த அறிவிப்பும் கிடையாது. யூபிஎஸ் இல்லாத கணினியில் கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் டிஸ்கின் உட்கணக்கு பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடும். கடையில் பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் வரவு செலவைச் சிட்டையில் குறித்துவைப்பது போல, என்டிஎஃப்எஸ் தான் செய்யப்போகும் மாற்றத்தை முன்னதாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்கிறது. மீண்டும் இணைக்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, பாதியில் நின்றதை முடித்துவிடும் அல்லது திரும்பப் பெற்றுவிடும். நகலாகிக்கொண்டிருந்த கோப்பு போயிருக்கலாம். கோப்புறைகளின் அமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். எக்ஸ்ஃபேட்டில் அத்தகைய குறிப்பேடு இல்லை. எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்று காட்டும் பட்டியலும், கோப்புகளின் பெயர்ப் பட்டியலும் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றால், எது சரி என்று சொல்ல அங்கே சாட்சி கிடையாது. முழு டிஸ்கையும் சோதித்துத்தான் சரிசெய்ய வேண்டும், அந்தச் சோதனையில் சில கோப்புகள் பெயரிழந்து துண்டுகளாக மிஞ்சவும் கூடும். ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் வீட்டு ஆல்பம் டிஸ்குகளுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்பதால்தான் இந்த ஒரு வேறுபாட்டை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

சிறு கோப்புகள் பிடிக்கும் இடம் அடுத்த வேறுபாடு. டிஸ்கில் இடம் சிறு கட்டங்களாக ஒதுக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் ஒரு கோப்புக்குத்தான் இடம் உண்டு. விண்டோஸ் தானாகத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தின் அளவு, 1 டிபி அல்லது 2 டிபி டிஸ்கில் என்டிஎஃப்எஸ்ஸுக்கு 4 கேபி, எக்ஸ்ஃபேட்டுக்கு 128 கேபி. எஸ்டேட் அலுவலகத்தின் கணக்கு மென்பொருள் 10 கேபி அளவில் ஒரு லட்சம் சிறு கோப்புகளைச் சேர்த்திருந்தால், உண்மையில் 1 ஜிபி அளவேயான அந்தத் தரவு என்டிஎஃப்எஸ்ஸில் ஏறத்தாழ 1.2 ஜிபியும், எக்ஸ்ஃபேட்டில் ஏறத்தாழ 12 ஜிபியும் இடம் பிடிக்கும். 2 டிபி டிஸ்கில் 12 ஜிபி பெரிய இழப்பு அல்ல என்று வாதிடலாம்; பார்மட் செய்யும்போது கட்ட அளவைக் குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் பில், ரசீது, சிறிய டிசைன் கோப்பு என்று ஆண்டுக்கணக்கில் சேர்ப்பவர்கள் அந்த அமைப்பைத் தேடிப்போய் மாற்றுவது அரிது. ஒவ்வொரு கோப்பும் பல ஜிபியாக இருக்கும் வீடியோ டிஸ்குக்கோ 128 கேபி கட்டம் எந்த வகையிலும் இழப்பே அல்ல.

எக்ஸ்ஃபேட் பக்கத்து நியாயத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆப்பிள் மேக் கணினி என்டிஎஃப்எஸ் டிஸ்கைப் படிக்கும், ஆனால் தனி மென்பொருள் நிறுவாமல் அதில் எழுதாது. கேமராக்காரர் விண்டோஸ் லேப்டாப்பில் கார்டை இறக்கி, எடிட்டர் மேக்கில் வேலை செய்து, ஆல்பம் வடிவமைப்பவர் மறுபடி விண்டோஸில் திறக்கும் ஸ்டுடியோவில் டிஸ்க் கை மாறிக்கொண்டே இருக்கிறது; அங்கே எக்ஸ்ஃபேட் தவிர வேறு எளிய வழி இல்லை. மேக் 2010-இலேயே 10.6.5 பதிப்பு முதல் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னொரு சாதகமும் உண்டு: என்டிஎஃப்எஸ் யாருக்கு எந்தக் கோப்பில் அனுமதி என்பதையும் டிஸ்கிலேயே எழுதிவைப்பதால், ஒரு கணினியில் போட்ட கோப்புறை இன்னொரு கணினியில் 'அனுமதி இல்லை' என்று மறுக்கும் தொல்லை சில வேளைகளில் வரும். எக்ஸ்ஃபேட்டில் அது அறவே இல்லை.

ஆனால் எக்ஸ்ஃபேட்டை ஏற்பவர் ஒரு ஒழுங்கையும் சேர்த்தே ஏற்க வேண்டும். வெளியேற்றும் கட்டளையைக் கொடுக்காமல் கேபிளை உருவியபின் அதே டிஸ்கை மேக்கில் செருகினால், பல வேளைகளில் திரையில் எதுவுமே தோன்றாது; டிஸ்கின் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கும். மேக் பின்னணியில் டிஸ்கைச் சோதித்துக்கொண்டிருக்கிறது என்பதை அறியாமல், டிஸ்க் பழுதாகிவிட்டது என்று எண்ணி மறுபடி உருவுவதுதான் உண்மையான சேதத்தை உண்டாக்கும். பெரிய டிஸ்கில் அந்தச் சோதனை நெடுநேரம் எடுக்கும், விட்டுவிடுவதே நல்லது. ஸ்டுடியோவுக்கான டிஸ்கை விண்டோஸ் கணினியிலேயே பார்மட் செய்துகொள்வதும் நல்லது, ஏனெனில் மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டி கட்ட அளவைத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை. மேக் மட்டுமே வைத்திருப்பவருக்கு இந்த விவாதமே வேண்டாம். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு ஆப்பிளின் சொந்த முறையே பொருத்தம்.

'எல்லாவற்றிலும் வேலை செய்யும்' என்ற வாக்கு சற்றும் எதிர்பாராத இடத்தில் பொய்க்கிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் எக்ஸ்ஃபேட் 2019-இல்தான் நுழைந்தது. அதற்கு முற்பட்ட பல பதிப்புகளில் என்டிஎஃப்எஸ் டிஸ்க் செருகியவுடன் திறக்கும், எக்ஸ்ஃபேட் டிஸ்குக்குத் தனித் தொகுப்பு நிறுவ வேண்டியிருக்கும். வீட்டில் அப்படியொரு மடிக்கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கடைக்காரரின் பரிந்துரை தலைகீழாகிவிடும். புதிய லினக்ஸில் இரண்டும் சிக்கலின்றித் திறக்கும். லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்4 முறை, லினக்ஸ் கணினியை விட்டு வெளியே போகாத டிஸ்குக்கு மட்டுமே ஏற்றது, விண்டோஸில் செருகினால் "பார்மட் செய்யவா?" என்ற கேள்வி வரும், அதற்கு யாராவது அவசரத்தில் 'ஆம்' சொல்லிவிடக் கூடும்.

டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று குறித்துவைக்கும் பகுப்புப் பட்டியலில் எம்பிஆர், ஜிபிடி என்ற இன்னொரு போட்டி உண்டு. இதில் நெடிய விவாதத்துக்கு இடமில்லை. வழக்கமான டிஸ்கில் எம்பிஆர் சுமார் 2 டிபிக்கு மேல் கணக்கு வைக்க முடியாது. 4 டிபி டிஸ்கில் பாதி வீணாகும். ஜிபிடி தன் பட்டியலின் இன்னொரு பிரதியை டிஸ்கின் கடைசியில் வைத்திருப்பதால் முன்பகுதி கெட்டாலும் மீட்க வாய்ப்பு இருக்கிறது. பழைய டிவிகள் பல ஜிபிடியைப் படிக்காது என்பது மட்டுமே எதிர்வாதம். படம் பார்க்கத் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துக்கொண்டால் அதுவும் தீரும்.

குவிக் பார்மட்டா, முழு பார்மட்டா என்பதில்தான் பொறுமை தேவை. விண்டோஸில் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து பார்மட் பெட்டியைத் திறந்தால், கீழே 'குவிக் பார்மட்' என்ற கட்டத்தில் டிக் முன்னதாகவே போடப்பட்டிருக்கும். அதை அப்படியே விட்டால் சில நொடிகளில் வேலை முடியும்; பட்டியல் மட்டும் புதிதாகிறது, டிஸ்கின் பரப்பை யாரும் தொடுவதில்லை. டிக்கை எடுத்துவிட்டால், விஸ்டா பதிப்பு முதல், விண்டோஸ் முழுப் பரப்பிலும் பூச்சியத்தை எழுதி, எழுத முடியாத இடங்களைக் கண்டு ஒதுக்கிவைக்கிறது. 2 டிபி டிஸ்க் நொடிக்கு 110 எம்பி வேகத்தில் எழுதினால் இதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். அதே டிஸ்கை யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் பதினாறு மணி நேரம் தாண்டும். ஆகவே பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யூஎஸ்பி 3.0 துளையில், சிபியுவின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில், டிஸ்குடன் வந்த குட்டைக் கேபிளாலேயே இணைக்க வேண்டும். மின்தடைக்கு அஞ்ச வேண்டாத மடிக்கணினியில், சார்ஜரைச் செருகி, கணினி உறங்கிவிடாதபடி அமைத்து, இரவில் ஓடவிடுவது வசதி.

குடும்பத்தின் கல்யாண வீடியோவையோ பட்டறையின் பத்தாண்டுக் கணக்கையோ ஏற்றப்போகும் டிஸ்குக்கு அந்த ஓர் இரவைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. குறையுள்ள டிஸ்க் முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்தால், பில் கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து, தரவு ஏறிய பிறகு தெரிந்தால், புதிய டிஸ்க் கிடைக்கும், படங்கள் கிடைக்காது. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி டிஸ்குகளும் உண்டு, ஆனால் அவை இந்தச் சோதனையில் பிடிபடும் என்று நம்பிவிட முடியாது. 2 டிபி டிஸ்கை விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டுவது மட்டும் போலியின் அடையாளம் அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை வெளிப்புற டிஸ்குக்கு முழு பார்மட் தேவையில்லை, குவிக் பார்மட்டே போதும்.

ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை என்டிஎஃப்எஸ்ஸாகவும் மறு பகுதியை எக்ஸ்ஃபேட்டாகவும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டுடியோவில் கணக்கு ஒரு பக்கம், வீடியோ ஒரு பக்கம் என்று பிரிப்பது செய்யத்தக்கதே. ஆனால் ஒரு பகுதியின் நகலை மறு பகுதியில் வைத்துவிட்டு அதைப் பேக்கப் என்று கொள்ளக் கூடாது, டிஸ்க் கீழே விழுந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். அந்தப் பணத்தில் சிறிய டிஸ்குகள் இரண்டு வாங்கி, இரண்டையும் முழு பார்மட் செய்து, ஒன்றை ஸ்டுடியோவிலும் மற்றொன்றை வீட்டிலும் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். வீட்டில் இருப்பது என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கட்டும்.