உக்கிய மரத்தைக் கடைவதற்குச் சுப்பர் குளூவா, எபொக்சியா?

2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது சாய்ந்த மாமரங்கள் சிலவற்றின் அடித்துண்டுகள் வளவுகளிலேயே கிடந்து, அடுத்தடுத்த மாரிகளில் நனைந்து, பாதி உக்கிப்போயின. அத்தகைய மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் கடைந்தால், பூஞ்சணங்கள் தத்தம் எல்லையில் இட்ட மெல்லிய கருங்கோடுகள் புதுமரத்தில் காணவே முடியாத அழகோடு வெளிப்படும். ஆனால் ஒரே துண்டில் உறுதியான பகுதியும் பஞ்சுபோன்ற பகுதியும் அடுத்தடுத்து இருப்பதால், உளி முன்னதைச் சீவிவிட்டுப் பின்னதைப் பிய்த்தெடுத்துவிடுகிறது. அந்த மென்பகுதியை இறுக்குவதற்கு நமக்கு எளிதில் கிடைப்பவை, நீராக ஓடும் மெல்லிய சுப்பர் குளூவும் இரண்டு கூறுகளைக் கலந்து ஊற்றும் எபொக்சியுமே. இரண்டையும் பயன்படுத்திய பின் நான் சுப்பர் குளூவையே தேர்ந்துகொண்டேன்.

அளவுக்கு அளவு பார்த்தால் எபொக்சி மலிவு. இறுகும் வேகத்தில் குளூ முந்தும். இங்கே முடிவைத் தீர்மானிப்பது ஈரம்.

வாடைக்காலத்தில் கடற்கரையோரப் பட்டறையில் மரம் ஒருபோதும் முழுமையாக உலர்வதில்லை. எபொக்சியின் இறுக்கி காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து மேற்பரப்பில் பிசுக்குப் படலம் ஒன்றை உண்டாக்குவதுண்டு. அதைக் கழுவி நீக்காமல் அடுத்த பூச்சைப் பூசினால் ஒட்டாது. தடிப்பான திரவம் என்பதால், ஈரம் நிறைந்த துளைகளுக்குள் அது ஆழமாக இறங்குவதுமில்லை. சுப்பர் குளூவிலுள்ள சயனோஅக்ரிலேட்டோ இறுகுவதற்கே சிறிதளவு ஈரத்தை நாடுகிறது. மரம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அதுவும் வெண்மையாகப் பொங்கிக் கெட்டுவிடும் என்பதால், மேற்பரப்பையாவது காயவிட வேண்டும்.

அது சேரும் இடமும் பொருத்தமானது. பலகை வாட்டத்தில், அதாவது நார்கள் சுழலும் அச்சுக்குக் குறுக்கே ஓடும்படி, பொருத்திய கிண்ணம் ஒரு சுற்றுச் சுழலும்போது, நார்களின் வெட்டுமுனை இரண்டு இடங்களில் உளிக்கு எதிரே வருகிறது. பெரும்பாலும் மரம் பிய்வதும் அங்கேதான். அந்த முனைகளில் துளைகள் வாய்திறந்து இருப்பதால் குளூ உள்ளே இறங்குகிறது. நாரின் பக்கவாட்டில் அவ்வளவு இறங்காது. ஆகவே இறுதி வடிவத்துக்குச் சற்று முன்பே இயந்திரத்தை நிறுத்திக் குளூவை ஊற்ற வேண்டும். உக்கி வெளிறிய மென்திட்டில் விழும் துளி விழுந்தவுடனே மறையும். உறுதியான மரத்தில் விழுந்தது பளபளத்தபடி மேலேயே நிற்கும். துளி நிற்கத் தொடங்கும் இடமே நிறுத்த வேண்டிய எல்லை. இறுகியபின் புதிதாகத் தீட்டிய உளியால் மெல்லியதாகச் சீவி, மீண்டும் பிய்ந்தால் மீண்டும் ஊற்ற வேண்டும்.

குளூவின் குறைகளும் சிறியவையல்ல. அது பட்ட இடம் கறுத்து, பின்னர் பூசும் எண்ணெயை ஏற்காது; முன்கூட்டியே அரக்கு மெருகை மெல்லியதாகப் பூசினால் கறை பெருமளவு குறையும். அதன் ஆவி கண்ணை எரிக்கும். பருத்தித் துணியால் துடைத்தால் துணி சூடேறிப் புகையும். உக்கிய மரத்தூளில் பூஞ்சண வித்துகள் இருப்பதால், எந்த முறையானாலும் சுவாசக் கவசமும் முகக் கவசமும் இன்றி வேலையைத் தொடங்கவே கூடாது.

வெற்றிடத்தில் பிசினை ஏற்றி வெப்பத்தால் இறுக்கும் மூன்றாவது முறையும் உண்டு. அதற்கு மரத்தை அடுப்பில் வைத்து முற்றாக உலர்த்த வேண்டும். நண்பர் ஒருவர் அவ்வாறு தயாரித்த சிறு துண்டுகளைக் கடைந்ததற்கு மேல் எனக்கு அதில் அனுபவமில்லை. அவை சீராக இறுகியிருந்தன.

விரல் நுழையுமளவு பொந்து உள்ள துண்டுக்கு மட்டும் நான் எபொக்சியை நாடுகிறேன், அதுவும் கச்சான் வீசும் வறண்ட மாதங்களில். பொந்தை அதனால் நிரப்பி, நன்கு இறுகவிட்டு, அதன் விளிம்பிலுள்ள மென்மையான மரத்துக்குக் குளூவை ஊற்றுவேன். பழுப்பு நிறமாகிச் சதுரக் கட்டிகளாக உடையும் மரத்தில் நார்களைத் தாங்கும் செல்லுலோசே அழிந்திருப்பதால், அதை இயந்திரத்தில் ஏற்றுவதில்லை.