ஷார்டனே: காயா, செங்காயா, பழமா?

ஷார்டனே என்ற திராட்சையில் செய்த ஒரு நல்ல வெள்ளை ஒயினை வாங்கிய கையோடு குடித்துவிட வேண்டுமா, பாட்டிலிலேயே சில வருடம் கிடக்கவிட வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்துகொள்ளப் பதினெட்டு பாட்டில் வாங்கி அடுக்கினேன். எல்லாம் 2014 அறுவடை. மூன்று ஒயின், வகைக்கு ஆறு. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் வடக்குக் கோடியிலிருந்து ஒரு ஷாப்லி பிரீமியர் க்ரூ (உயர்தரத் தோட்டம் என்று முத்திரை பெற்றது), அதே பர்கண்டியில் தெற்கே தள்ளி ஒரு மெர்சோ, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடலோரத்திலிருந்து ஒரு மார்கரெட் ரிவர். மூன்றையும் 13 டிகிரி குளிரில், இருட்டில் படுக்கவைத்து, 2017, 2020, 2023, 2025 என நான்கு மாலைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தேன்.

மூன்றும் ஒரே திராட்சைதான். ஆனால் ஷார்டனேக்கு மஸ்கட் திராட்சையைப் போல ஊரைக் கூட்டும் சொந்த வாசம் கிடையாது. அதனாலேயே விளைந்த மண்ணும், ஊறிய பீப்பாயும், மேலே போட்ட மூடியும் அதில் அப்படியே தெரிந்துவிடும். ஷாப்லி நான் வாங்கியதில் பெரும்பங்கு எஃகுத் தொட்டியில் ஆனது. குளிர்ந்த ஊர், சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் கலந்த கிம்மரிட்ஜியன் சுண்ணாம்பு மண், கூர்மையான புளிப்பு. மெர்சோ 228 லிட்டர் ஓக் பீப்பாயில், செத்த ஈஸ்டின் மண்டியோடு சேர்ந்து வளர்ந்தது. அவ்வப்போது அந்த மண்டியைக் கோலால் கலக்கியும் விடுவார்கள், ஒயினுக்கு உடம்பு வரும். மார்கரெட் ரிவரும் பீப்பாயில் பொங்கியதுதான், ஆனால் அதன் தலையில் கார்க் இல்லை, திருகு மூடி. இந்த ஒரு வித்தியாசம் கடைசிவரை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

2017இல், மூன்று வயதில், போட்டியே இல்லை. மெர்சோதான் ஜெயித்தது. வெண்ணெய், வனிலா, பழுத்த பேரிக்காய், லேசாகத் தீயில் காட்டிய ரொட்டி என்று வாசம் கிண்ணத்துக்கு வெளியே வந்து நின்றது. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டைஅசிடைல் என்ற பொருளும் கொஞ்சம் உண்டாகிறது. வெண்ணெய் வாசம் அதிலிருந்து வருவது. வனிலா ஓக்கிலிருந்து வருவது. அன்று கூட இருந்த மூவரும் இரண்டாவது தடவை கேட்டது மெர்சோவைத்தான். ஷாப்லி பச்சை கலந்த வெளிர்மஞ்சளாக, எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளுமாக இருந்தது, பல் கூசியது. மார்கரெட் ரிவரில் கிரேப்ஃப்ரூட்டும், நெருப்புக்குச்சியை உரசியவுடன் வரும் அந்தச் சுருக்கென்ற வாசமும். எனக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது.

நம் மொழியில் காய்க்கும் பழத்துக்கும் நடுவில் செங்காய் என்று ஒரு சொல் இருக்கிறது. ஷார்டனேயின் வயதைப் பேச இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. 2017இல் ஷாப்லி பச்சைக் காய். மெர்சோ அப்போதே செங்காய். மார்கரெட் ரிவர் இரண்டுக்கும் நடுவில்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வரும். இளம் வெள்ளை ஒயினில் நாம் பழம் என்று முகர்வதில் பெரும்பகுதி எஸ்டர்கள் என்ற வேதிப்பொருள்கள். ஈஸ்ட் பொங்கும்போது உருவாகி, முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே மளமளவென்று உடைந்து குறைந்துபோகும். சூடான இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வாழைப்பழ வாசம் தருகிற எஸ்டர் இப்படித்தான் முதலில் போகிறது. இன்னொரு பக்கம், ஒயினைக் காக்கப் போட்ட சல்ஃபர் டைஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும், மூடி வழியே துளித்துளியாக ஆக்சிஜன் வரும், நிறம் ஏறும். சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளுக்கும், வெள்ளை ஒயின் கறுக்கும். ஆகவே காத்திருப்பது என்றால் பழ வாசத்தைக் கொடுத்து வேறொன்றை வாங்குவது. கொடுப்பது நிச்சயம். கிடைக்குமா என்பது ஒயினைப் பொறுத்தது.

2020இல் இந்தப் பேரம் பாதியில் நின்றதைப் பார்த்தேன். ஷாப்லியிடம் இருந்த எலுமிச்சை போய்விட்டது, புதிதாக ஒன்றும் வரவில்லை. முகர்ந்தால் ஈரக்கல் போல ஏதோ, அவ்வளவுதான். பர்கண்டிக்காரர்கள் இப்படி ஒயின் வாயை மூடிக்கொள்ளும் பருவத்தைப் பற்றி அடிக்கடி பேசுவார்கள். நான் ஏமாந்துபோய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைக் கவனித்தேன். நாற்பது நிமிடம் கழித்து எடுத்தால் ஓரத்தில் மெல்லிசாகத் தேன் வாசம். நாக்கில் வைத்தால் தேனும் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனால் மூக்கில் இருந்தது.

அதே மாலை மெர்சோ அதன் உச்சத்தில் இருந்தது. மூன்று வருடம் முன்பு ஓக் தனியாகவும் ஒயின் தனியாகவும் நின்றன. இப்போது வனிலா எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் வறுத்த ஹேசல்நட், ஆறவைத்த வெண்ணெய், அடியில் நல்ல புளிப்பு. ஆறு வயது மெர்சோவைக் குடித்துவிட்டு, இனி ஷார்டனே என்றால் இதுதான் என்று நினைத்தேன். மார்கரெட் ரிவர்? 2017இல் எழுதிய குறிப்பையே திரும்ப எழுதலாம் போல இருந்தது. நெருப்புக்குச்சி வாசம்கூடக் குறையவில்லை. உள்ளே வெள்ளீயப் படலம் வைத்த திருகு மூடி மிக மிகக் கொஞ்சமே காற்றை விடும், அதனால் கந்தகம் சார்ந்த இந்த வாசங்கள் தங்கிவிடும். கிண்ணத்தைப் பத்து நிமிடம் சுழற்றினால் அடங்கும்.

அப்புறம் 2023. இந்த ஒரு மாலைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மெர்சோவை முதலில் திறந்தேன், ஊற்றும்போதே மனசு திக்கென்றது. தங்க நிறம் எதிர்பார்த்தேன், வந்தது பழுப்பு. நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிளின் வாடை, அதற்குப் பின்னால் வெந்தயம் மாதிரி ஒன்று. இதைக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் பட்டுக் கெட்ட வெள்ளை ஒயினில் சோட்டோலான் என்ற பொருள் சேரும், வெந்தயத்தின் வாசத்துக்கும் அதே பொருள்தான் காரணம். ஒன்பது வயதில் இருபத்தைந்து வயதுக் கிழத்தனம். பர்கண்டி வெள்ளை ஒயின்களில் 1990களின் நடுவில் செய்தவற்றிலிருந்து இந்த அகால மூப்பு பரவலாகத் தெரியவந்தது. கார்க்கின் தரம், சல்ஃபரைக் குறைத்தது, மண்டியை அதிகமாகக் கலக்கியது, பழத்தை மிக மென்மையாகப் பிழிந்தது என்று பல காரணம் சொல்கிறார்கள். ஒரே குற்றவாளியாக எதையும் கைகாட்ட முடியவில்லை.

வயிறு எரிந்தது. சரி என்று அதே பெட்டியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்துத் திறந்தேன். தங்க நிறம், ஹேசல்நட், கொஞ்சம் களைத்திருந்தாலும் சுத்தமான ஒயின். ஒரே வீட்டுச் சரக்கு, ஒரே பெட்டி, ஒரே அலமாரி, ஒரே தட்டு. வித்தியாசம் கார்க் துண்டு மட்டும்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 1999ஆம் வருட செமியோன் ஒயின் ஒன்றைப் பதினான்கு வகை மூடிகளில் அடைத்து வருடக்கணக்கில் பார்த்தது. அந்தப் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படம் ஒயின் உலகில் பிரபலம். ஒரு கோடியில் திருகு மூடி போட்டது இளமஞ்சளாக இருக்க, மறு கோடியில் இருப்பது தேநீர் நிறத்துக்குப் போயிருக்கும். என் மேசையில் இரண்டு கிண்ணம் அந்தப் படத்தைக் காட்டின. இப்போது பர்கண்டியில் பலர் டியாம் மாதிரி மூடிகளுக்குப் போய்விட்டார்கள். கார்க்கைத் தூளாக்கி, கார்பன் டைஆக்சைடால் கழுவிச் சேர்த்துச் செய்வது அது. பாட்டிலுக்குப் பாட்டில் வித்தியாசம் குறைவு. அழகு குறைவுதான். பரவாயில்லை.

ஷாப்லியை மூன்றாவதாகத்தான் எடுத்தேன், ஆசை விட்டுப்போய். கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் வைக்கோல் பொன், விளிம்பில் மட்டும் இன்னும் ஒரு கீற்றுப் பச்சை. மூக்கைக் கொண்டுபோனதும் தேன்மெழுகு. தேன் இல்லை, தேனடையைப் பிழிந்த பின் கையில் ஒட்டியிருக்குமே, அந்த வாசம். பிறகு பச்சைக் காளான். பிறகு அலை வடிந்த பாறையில் சிப்பி காய்கிற உப்பு வாசம். ஒவ்வொரு தடவை முகரும்போதும் இந்த மூன்றும் வேறு வேறு வரிசையில் வந்தன. வாயில் வைத்தால் ஆறு வருடம் முன்பிருந்த அதே புளிப்புதான், ஆனால் பல் கூசவில்லை. அளவில் புளிப்பு பெரிதாகக் குறைவதில்லை, சுற்றியிருப்பது கனிவதால் நமக்கு அது மெத்தென்று தெரிகிறது. விழுங்கிய பிறகும் அடிநாக்கில் உப்பும் எலுமிச்சையும் நின்றுகொண்டே இருந்தன. 2017இல் யாரும் இரண்டாவது தடவை கேட்காத ஒயின் இது. பழம் என்றால் இது பழம்.

மார்கரெட் ரிவர் அன்றுதான் செங்காய் ஆகியிருந்தது. முந்திரி, ரொட்டிக் கருகல், பழ வாசம் இன்னும் பாக்கி.

2025இல் பதினோரு வயது. மெர்சோ இறங்குமுகம், ஊற்றிய முதல் கால் மணி நேரம் நன்றாக இருந்து பிறகு தட்டையாகிவிட்டது. ஷாப்லி 2023இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மார்கரெட் ரிவர் இப்போது மிக நன்றாக இருக்கிறது, முந்திரியும் எலுமிச்சைத் தயிரும் போல. ஆனால் ஷாப்லியின் காளானும் தேன்மெழுகும் அதில் வரவில்லை. மூடி குறைவாகக் காற்றை விட்டதாலா, ஊரே வேறு என்பதாலா என்று மூன்று ஒயினை வைத்துக்கொண்டு என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன், திறந்த நான்கு மார்கரெட் ரிவர் பாட்டிலில் ஒன்றுகூட என்னைக் கைவிடவில்லை.

ஆக, என் தேர்வு எது? பத்து வருடம் வைத்துக் குடிக்க ஒன்றே ஒன்று என்றால் தயங்காமல் ஷாப்லி பிரீமியர் க்ரூ, அதுவும் 2014 மாதிரிப் புளிப்பு நன்றாக அமைந்த வருடம். 2003 போன்ற வெக்கை வருடத்தது என்றால் எனக்கு வேண்டாம். மெர்சோ வாங்கினால் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் முடித்துவிடுவேன். ஓக் தூக்கலான, வெயில் ஊர் ஷார்டனேயாக இருந்தால் மூன்று வருடம்கூட வைக்கமாட்டேன். பழம் போன பிறகு அதில் மிஞ்சுவது மரமும் ஆல்கஹாலும்தான். கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுபவை. அவற்றைப் பதுக்கி வைப்பது அவற்றுக்குச் செய்யும் அநியாயம்.

வெள்ளை ஒயினின் மூப்பைப் பெரியவர்களே குறைத்து எடைபோட்டிருக்கிறார்கள். 1976இல் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பாரிசில் நடத்திய சுவைப்போட்டியில் கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மான்டெலீனா 1973 ஷார்டனே பர்கண்டிகளைத் தோற்கடித்தது. அப்போது அதற்கு மூன்று வயது. பத்து வருடம் கழித்து ஸ்பரியர் சிவப்பு ஒயின்களை மட்டும் மறுபடி சோதித்தார். வெள்ளைக்குக் காலம் கடந்துவிட்டது என்று மேசைக்கே கொண்டுவரவில்லை. அவற்றில் ஒன்றிரண்டாவது பேசியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா என்றால், நான் செய்வது இது. ஒரு பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டு, மீதியை மூடிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் விடுவேன். மூன்றாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருந்தால் அந்த ஒயின் தாங்கும், மிச்சத்தை வைக்கலாம். சப்பென்று ஆகிவிட்டால் சீக்கிரம் தீர்க்க வேண்டியதுதான். பாட்டிலில் பத்து வருடம் நடப்பது வேறு, இது வேறு, தெரியும். ஆனாலும் என்னை இது அதிகம் ஏமாற்றியதில்லை. வைப்பதென்றால் அரை பாட்டில் வாங்காதீர்கள், ஒயினின் அளவுக்கு உள்ளே வரும் காற்று அதில் அதிகம், சீக்கிரம் முதிரும். முதிர்ந்ததைத் திறக்கும்போது குளிர்பெட்டிச் சில்லிப்பு வேண்டாம், 12, 13 டிகிரி போதும். நான்கு டிகிரியில் ஊற்றியிருந்தால் அந்தத் தேன்மெழுகு எனக்குத் தெரிந்தே இருக்காது.

அலமாரியில் இப்போது ஷாப்லி இரண்டு, மார்கரெட் ரிவர் இரண்டு, மெர்சோ ஒன்று. மெர்சோவை இந்த மாதமே திறந்துவிடுவேன். ஷாப்லியில் ஒன்றுக்கு 2028 என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். இன்னொன்றுக்கு இன்னும் வருடம் எழுதவில்லை.