செகண்ட் ஹேண்ட் போன்: வாங்கிய அன்று தெரியாமல் பிறகு வருபவை

ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில் தனிநபரிடம் வாங்கும் போனில் கீறலும் நசுங்கலும் பெரிய விஷயமே அல்ல. கண்ணுக்குத் தெரிவதால் விலையில் கழித்துக்கொள்ளலாம். போட்ட பணம் மொத்தத்தையும் விழுங்குபவை சில வாரம், சில மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். திடீரென்று நெட்வொர்க் போய்விடும், கடன் கொடுத்த நிறுவனம் போனைப் பூட்டிவிடும், பேட்டரி உப்பும். இவற்றுக்கான அறிகுறிகளில் பலவற்றை வாங்கும் அன்றே பார்த்துவிட முடியும்.

முதலில் ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண். டயலரில் *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போனென்றால் இரண்டு எண். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'கேஒய்எம்' (KYM) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் செயலியிலும் இதே வசதி இருக்கிறது. முடக்கப்பட்டது என்றோ போலி எண் என்றோ பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

ஆனால் அந்தப் பதில் அந்த நிமிடத்துக்கு மட்டும்தான் செல்லும். போனைப் பறிகொடுத்தவர் தாமதமாகப் புகார் கொடுத்தால், நீங்கள் வாங்கிய பிறகும் அது முடக்கப்படும். 2023 மே முதல் இந்த முடக்கம் நாடு முழுவதும் எல்லா நிறுவன சிம்களுக்கும் பொருந்துகிறது. அதனால்தான் பில் இல்லாத போனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்கிறோம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம். சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தது என்பதே போலீஸ் கேள்வி கேட்கப் போதுமானது. விற்பவரின் அடையாள அட்டை நகல் ஒன்று, ஐஎம்இஐ, தேதி, விலை எழுதி அவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று, இரண்டும் உங்களிடம் இருக்கட்டும். ரொக்கத்தைவிட யுபிஐ நல்லது. பணம் போகும் கணக்கின் பெயரும் அடையாள அட்டையின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

அடுத்தது இஎம்ஐ போன். தவணை பாக்கி இருக்கும் போனில், கடன் நிறுவனம் தொலைவிலிருந்தே பூட்டக்கூடிய மென்பொருள் இருக்கலாம். விற்றவர் கட்டுவதை நிறுத்தினால் பூட்டு விழுவது உங்கள் கையில் இருக்கும் போனுக்கு. பில்லில் பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்ஓசி (பாக்கி இல்லை என்று அந்த நிறுவனம் தரும் சான்று) கேளுங்கள். போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ரீசெட்டிலும் இந்த மென்பொருள் பெரும்பாலும் அழியாது. ரீசெட் முடிந்து வைஃபையில் இணைந்ததும், போன் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற அறிவிப்பு வருகிறதா என்று கவனியுங்கள்.

ரீசெட்டில் வரிசை மாறக் கூடாது. உங்கள் கண்ணெதிரே விற்பவர் கூகுள் கணக்கை நீக்க வேண்டும், அதன்பின் செட்டிங்ஸுக்குள் இருந்தே ரீசெட் செய்ய வேண்டும். கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரெக்கவரி வழியாகச் செய்தால் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். ஐபோனில், போனைப் பழைய உரிமையாளரின் கணக்கோடு பூட்டி வைக்கும் 'ஃபைண்ட் மை' அணைக்கப்பட வேண்டும். "ஏற்கெனவே ரீசெட் பண்ணி வச்சிருக்கேன்" என்பார்கள். சரி, உங்கள் சிம்மைப் போட்டு, உங்கள் கணக்கில் நுழைந்து, முகப்புத்திரை வரை போய்ப் பாருங்கள். ஒரு அழைப்பு போட்டுப் பேசிப் பாருங்கள். பணம் அதற்குப் பிறகுதான்.

டிஸ்ப்ளேவில் நடக்கும் ஏமாற்று நுட்பமானது. அமோலெட் திரை உடைந்த போனில் மலிவான எல்சிடி காம்போ (கண்ணாடியோடு சேர்ந்த திரை) போட்டு விற்கிறார்கள். முழுக் கறுப்புப் படத்தைத் திறந்து வெளிச்சம் படாமல் கையால் மறைத்துப் பாருங்கள். அமோலெட் அணைந்ததுபோல் இருக்கும், எல்சிடி சாம்பலாக ஒளிரும். திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யவில்லை என்றாலும் திரையைச் சந்தேகிக்க வேண்டும். சாம்சங்கில் *#0*# அடித்தால் வண்ணம், டச், ஸ்பீக்கர், சென்சார் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சோதிக்கலாம். சில மாடல்களில் இது திறக்காது, அப்போது சாம்சங் மெம்பர்ஸ் செயலி உதவும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனால் மாற்றிய பாகங்களின் விவரம் வரும். பேட்டரிக்கு எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதலும், திரைக்கு 11 முதலும் இது உண்டு.

பேட்டரியைப் பற்றி ஒரு கணக்கு. ஐபோன் 14 வரை 500 சார்ஜ் சுழற்சிக்கும், 15 முதல் 1000 சுழற்சிக்கும் பிறகு 80 சதவீதம் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. மூன்று வருடம் ஓடிய போன் 100 சதவீதம் காட்டினால் பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே மாற்றினார்கள் என்று கேளுங்கள். பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலோ, ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பத் தொடங்கியிருக்கலாம். அதை வாங்கவே வேண்டாம். ஒருமுறை பிரித்து மூடிய போனில் பழைய நீர்த்தடுப்பை நம்பவும் முடியாது.

நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, கூரியரில் அனுப்புகிறேன் என்பது பழகிப்போன மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். விற்பவரைச் சந்திக்க நல்ல இடம் அந்த போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வாசல். தண்ணீர் புகுந்ததா, பாகம் மாறியதா என்பதை அங்கேயே கேட்டுவிடலாம்.

எந்த மாடல் வாங்குவது என்பதற்கு அப்டேட் காலமே எங்கள் அளவுகோல். 2022 பிப்ரவரியில் வந்த கேலக்ஸி எஸ்22-க்கு 5 வருடப் பாதுகாப்பு அப்டேட், 2024 ஜனவரியில் வந்த எஸ்24-க்கு 7 வருடம். அதாவது முன்னது 2027-இல் நின்றுவிடும், பின்னது 2031 வரை போகும். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மீதி வருடங்களால் வகுத்துப் பாருங்கள், பழைய மாடலின் மலிவு பல நேரம் கரைந்துவிடும். புது பேட்டரிக்கு சர்வீஸ் சென்டரில் என்ன கேட்கிறார்கள் என்று முன்பே விசாரித்து, அந்தத் தொகையையும் பேரத்தில் கழித்துக் கேளுங்கள்.