விரல் போன பிறகு: இ.எஸ்.ஐ.யா, இழப்பீடா?

மதுரை அருகே கப்பலூர்ப் பட்டறை ஒன்றில் பிரஸ் இயந்திரம் என் மைத்துனரின் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. ரத்தம் ஊறிய கட்டோடு அவர் கேட்டது: "மாமா, எனக்கு என்ன கிடைக்கும்?"

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், மதுரை தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் வரும். ஊனம் நிலைத்துவிட்டால், அதன் அளவுக்கேற்ப ஆயுள் முழுவதும் மாதத்தொகை உண்டு.

இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலாளியே பொறுப்பு. முதலில் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வகுத்த வழி இது: வயது, சம்பளம், ஊனம் பார்த்து மொத்தமாக ஒரு தொகை. பலர் அதை வழக்காடித்தான் வாங்குகிறார்கள். ஒரே காயத்துக்கு இரண்டையும் பெற முடியாது.

மாதாமாதம் வருவதே மேல் என்பேன். மொத்தப் பணம் கடன்காரரிடம் போய்விடும். விபத்தைப் பதிவேட்டில் எழுதினார்களா என்று அன்றே பாருங்கள்.