பழைய லாரிக்கு எந்த ஆயில்: சிந்தெட்டிக்கா, சாதா ஆயிலா?

எங்கள் வீட்டில் இரண்டு லாரிகள். ஒன்று 1996 மாடல், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 697 என்ஜின் போட்ட டாடா. ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளைகளில் செங்கல் ஏற்றி நாகர்கோவில், தக்கலை, திங்கள்சந்தை என்று இறக்கும். மற்றது 2007 மாடல் 1613, டர்போ உண்டு. குலசேகரத்தில் ரப்பர் தடி ஏற்றி பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்குப் போகும். சாதா ஆயிலையும் சிந்தெட்டிக்கையும் இரண்டு வண்டியிலும் ஊற்றிப் பார்த்தாயிற்று. ஒரு வண்டிக்குச் சரியாக வந்தது இன்னொன்றுக்குச் சரிப்படவில்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார், மெக்கானிக் வேறொன்று சொல்வார், பெட்ரோல் பங்கில் ஒட்டியிருக்கும் போஸ்டர் மூன்றாவதாக ஒன்று சொல்லும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதில் வீணாகப் பணம் போடக் கூடாது என்பதற்காகவே இத்தனையும் எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். என்ஜின் ஆயிலில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய். மிச்சம் அழுக்கைக் கழுவவும், கரியைக் கட்டியாக விடாமல் பிரித்து வைக்கவும், தேய்மானத்தைக் குறைக்கவும் சேர்க்கும் மருந்துகள். அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு குரூப், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து வருபவை. நாம் சாதா ஆயில், மினரல் ஆயில் என்று சொல்வது இவற்றில் செய்ததை. நான்காவது குரூப்பான பிஏஓ, வேதியியல் முறையில் சிறு மூலக்கூறுகளை இணைத்துக் கட்டியது. நடுவில் இருக்கும் மூன்றாவது குரூப், கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகப் பதப்படுத்தி எடுப்பது. இதைச் சிந்தெட்டிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் கம்பெனிகளுக்குள் தகராறு வந்தது. அங்குள்ள விளம்பர ஒழுங்கு அமைப்பு 1999-ல் காஸ்ட்ராலுக்குச் சாதகமாகச் சொன்னது. அதற்கப்புறம் மூன்றாவது குரூப்பும் சிந்தெட்டிக் என்ற பெயரிலேயே பரவலாகக் கடைக்கு வந்தது. செமி சிந்தெட்டிக் என்றால் அதில் எத்தனை பங்கு சிந்தெட்டிக் என்பதை பக்கெட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

குளிர் இல்லாத ஊரில் குளிர்கால ஆயில்

சிந்தெட்டிக்கைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்வது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் சட்டென்று மேலே ஏறும் என்பது. சிந்தெட்டிக்கில் 5டபிள்யூ-40, சாதா ஆயிலில் 15டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். 15டபிள்யூ ஆயிலில் என்ஜின் சுற்றுமா என்று பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். 5டபிள்யூ-வுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 30. நாகர்கோவிலில் மார்கழி அதிகாலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நம் காலை நேரத்து வெப்பத்தில் இரண்டு ஆயிலுமே தண்ணீர் மாதிரி ஓடாவிட்டாலும் தாராளமாக ஓடும். 40 டிகிரியில் அளந்தால் சாதா 15டபிள்யூ-40 ஆயிலின் கெட்டித்தன்மை சுமார் 110 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு), 5டபிள்யூ-40 சுமார் 85, 90 இருக்கும். வித்தியாசம் உண்டு, ஆனால் அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை. காஷ்மீர் வரை போகிற நெடுந்தூர வண்டிக்காரர்கள் இதை யோசிக்கலாம். களியக்காவிளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே ஓடுகிறவர்களுக்கு அவசியமே இல்லை.

சூட்டில் கதை வேறு. சிந்தெட்டிக் உண்மையாகவே ஜெயிக்கிற இடம் இதுதான். தடி லோடுடன் கேரளத்துக்குள் நுழைந்தால் ஏற்றமும் இறக்கமும் சிக்னலும் மாறி மாறி வரும். டர்போவின் தண்டு நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிறது. அதன் பேரிங்கை ஆயில்தான் தாங்குகிறது, ஆயில்தான் குளிர்விக்கிறது. சாயா குடிக்க நிறுத்தி உடனே என்ஜினை அணைத்தால், சைலன்சர் பக்கத்துச் சூடு முழுவதும் அங்கே நிற்கிற கொஞ்சம் ஆயிலில் இறங்கும். சாதா ஆயில் அந்தச் சூட்டில் சீக்கிரம் கரியாகப் படியும், சிந்தெட்டிக் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். பிஸ்டன் ரிங் காடிகளிலும் இதே கதை. ரிங் கரியில் ஒட்டிக்கொண்டால் என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். சிந்தெட்டிக் சூட்டில் ஆவியாவதும் குறைவு. 1613-ல் என்ஜின் வேலை பார்த்த பிறகு சிந்தெட்டிக் ஊற்றி வருகிறேன். ஒரு ஆயில் சர்வீசுக்கும் அடுத்ததற்கும் நடுவே டாப்-அப் செய்யவே, அதாவது குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பவே, வேண்டியிருக்கவில்லை. அணைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் ஐடிலில் விடும் பழக்கத்துக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த ஆயில் ஊற்றினாலும் அந்தப் பழக்கம் வேண்டும்.

செங்கல் வண்டியில் நடந்தது

1613-ல் கண்ட நன்மையை நம்பி 697-லும் அதையே ஊற்றினேன். இரண்டு வாரத்தில் கிராங்கின் பின்பக்கத்துச் சீலில் இருந்து ஆயில் சொட்ட ஆரம்பித்தது. வண்டி நிற்கிற இடத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறை. டாப்பெட் கவர் ஓரத்திலும் ஈரம். வடசேரிப் பக்கம் எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணாச்சி கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, உள்ள இருந்த அழுக்குதான் இவ்வளவு நாளும் சீலுக்குப் பதிலா நின்னுது. நீ அதைக் கழுவி விட்டுட்ட."

அவர் சொன்னது சரிதான். சிந்தெட்டிக் சீலைத் தின்றுவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 1970-களில் வந்த சில சிந்தெட்டிக்குகளில் அதற்குக் காரணமும் இருந்தது. பிஏஓ மட்டும் இருந்தால் ரப்பர் சீல் கொஞ்சம் சுருங்கும், எஸ்டர் என்ற இன்னொரு வகைச் சிந்தெட்டிக் எண்ணெய் சேர்ந்தால் உப்பும். இப்போது வருகிற ஆயிலில் இரண்டையும் ஈடுகட்டிச் செய்கிறார்கள். நல்ல சீல் புது ஆயிலால் கெடுவதில்லை. ஏற்கனவே இறுகி, விரிசல் விட்டு, கரிப் பிசின் அடைத்துக்கொண்டு நிற்கிற சீல்தான் கழுவுப்பட்டதும் உண்மையைக் காட்டும். சுத்தம் செய்யும் மருந்து அதிகமுள்ள நல்ல சாதா ஆயிலிலும் இது நடக்கும், கொஞ்சம் மெதுவாக. ஆக ஆயிலின் மேல் பழி இல்லை. ஆனால் அந்தச் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு நாள் ஓட்டம் போகும். சீசனில் செங்கல் வண்டி இரண்டு நாள் நின்றால் என்ன ஆகும் என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியும்.

சரி, சீலை மாற்றினேன். ஒழுக்கு நின்றது. இருந்தும் நான் சாதா ஆயிலுக்கே திரும்பினேன். காரணம், அந்த என்ஜின் ஆயில் குடிக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர்.

கணக்குக்காக சாதா ஆயில் லிட்டர் 300 ரூபாய், சிந்தெட்டிக் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்ப் (என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) 15 லிட்டர், ஃபில்டர் 500 ரூபாய். சாதா ஆயிலில் 9,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் 5,000 ரூபாய். நடுவில் டாப்-அப் 9 லிட்டர், 2,700 ரூபாய். ஆக 7,700. 20,000 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 17,100 ரூபாய். சிந்தெட்டிக்கை 20,000 கிலோமீட்டர் வரை மாற்றாமல் ஓட்டலாம் என்று விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஒரு சர்வீஸ் 11,000. டாப்-அப் 20 லிட்டர், 14,000. மொத்தம் 25,000 ரூபாய். ஆயில் குடிக்காத என்ஜினாக இருந்தால் இந்தக் கணக்கு ஏறக்குறைய சமமாக வந்து நிற்கும்: சாதா ஆயிலில் 11,100, சிந்தெட்டிக்கில் 11,000. குடிக்கிற என்ஜினில் எரிந்து புகையாகப் போகிற ஒவ்வொரு லிட்டருக்கும் 400 ரூபாய் கூடுதல். விலை மாறினால் உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் நோட்டுப் போட்டு, டாப்-அப் செய்கிற அளவையும் கிலோமீட்டர் ரீடிங்கையும் மூன்று மாதம் எழுதினாலே போதும்.

இதிலும் ஒரு பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. பழைய என்ஜினில் 20,000 கிலோமீட்டர் ஓட்டலாம் என்பதையே நான் நம்பவில்லை. ஆயில் தானாகப் பழசாகி உயிர் விடுவதைவிட, அதில் வந்து சேர்கிற குப்பையால் கெடுவதுதான் பழைய டீசல் என்ஜினில் அதிகம். ரிங் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு கீழே சம்புக்குள் இறங்கி, பிரீதர் என்ற காற்றுப்போக்கிக் குழாய் வழியே புகையாக வரும். அதனுடன் கரியும் ஈரமும் வரும். டீசலைத் தூவும் நாசில் சரியாகத் தூவாமல் சொட்டினால் எரியாத டீசல் சிலிண்டர் லைனர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். செங்கல் சூளைத் தூசி ஏர் ஃபில்டரின் ஓரத்தில் ஒரு முடி இடைவெளி கிடைத்தாலும் உள்ளே போகும். கரிக்கும் டீசலுக்கும் மணல் தூசிக்கும் அடிப்படை எண்ணெய் மூன்றாவது குரூப்பா, முதல் குரூப்பா என்ற பேதம் கிடையாது. அவற்றை வெளியேற்ற ஒரே வழி ஆயிலை வடித்துவிடுவது. விலை குறைந்த ஆயிலை மனம் நோகாமல் வடித்துவிடலாம். விலை கூடியதை இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று வைத்திருப்போம். நானே அப்படி வைத்திருந்தேன்.

ஆயில் கறுத்ததால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய டீசல் என்ஜினில் மாற்றிய சில நாளிலேயே கறுக்கும். கரியைப் பிரித்து மிதக்க வைக்கிறது என்பதற்கு அது அடையாளம். நான் செய்கிற சோதனை சுலபம். சூடான என்ஜினில் ஆயில் கேஜை எடுத்து ஒரு சொட்டை ஃபில்டர் பேப்பரில் விட்டு, மறுநாள் பார்ப்பேன். கறுப்பு சீராகப் பரவியிருந்தால் ஆயிலுக்கு இன்னும் வேலை செய்கிற திறன் இருக்கிறது. நடுவில் கட்டிக் கறுப்பாக, ஓரம் கூர்மையாக நின்றுவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். வெளியே வெளிறிய வளையம் அகலமாகத் தெரிந்தால் டீசல் கலந்திருக்கிறது. அப்போது ஆயிலை மாற்றுவதோடு நிற்காமல் நாசிலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில், குறிப்பாகச் சிறு தூரம் ஓடி ஓடி நிற்கிற வண்டியில், ஆயில் மூடியின் உள்பக்கத்தில் பால் நிறத்தில் படிகிறதா என்றும் பாருங்கள்.

பக்கெட்டின் பின்பக்கம்

சிந்தெட்டிக் என்ற சொல்லைவிட பின்பக்கத்து எழுத்துகள் முக்கியம். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரம் சிஐ-4 பிளஸ் அல்லது சிகே-4 என்று இருக்கும் 15டபிள்யூ-40 சாதா ஆயில், வெறும் சிஎஃப்-4 தரத்தில் வருகிற மலிவு ஆயிலைவிடப் பல படி மேல். சிஎஃப்-4 என்பது 1990-ல் வந்த தரம், சிஐ-4 2002-ல், சிகே-4 2016 கடைசியில். இந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரியைச் சமாளிக்கும் திறனில்தான். பழைய என்ஜினுக்கு வேண்டியதும் அதுவே. சிகே-4 ஆயிலில் சாம்பல் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் அமிலத்தை முறிக்கும் மருந்து கொஞ்சம் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். அமிலத்துக்குக் காரணமான கந்தகம் டீசலில் நிறைய இருந்த காலத்தில் அது நியாயமான பயம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) உள்ள டீசல்தான் கிடைக்கிறது. பிஎஸ்-2 என்ற பழைய புகை விதிக் காலத்தில் அது 500 இருந்தது. அதனால் 96 மாடல் வண்டிக்கும் சிகே-4 தாராளமாக ஊற்றலாம். எஃப்ஏ-4 என்று எழுதியிருந்தால் மட்டும் தொட வேண்டாம், அது புது என்ஜின்களுக்கான மெல்லிய ஆயில். கார் பெட்ரோல் என்ஜினுக்கான 5டபிள்யூ-30 சிந்தெட்டிக்கை, விலை கூடியது என்பதால் நல்லது என்று லாரியில் ஊற்றவும் கூடாது.

இரண்டையும் கலந்தால் திரிந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. ஏபிஐ தரத்து ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும். வழியில் வேறு கிடைக்காவிட்டால் இருப்பதை ஊற்றிக்கொண்டு வீடு வரலாம். ஆனால் சிந்தெட்டிக்குக்குக் கொடுத்த காசு அங்கே பாதி போச்சு.

போலி ஆயிலைப் பற்றி ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடையில் விலை குறைத்துக் கொடுத்த பக்கெட்டை வாங்கி ஊற்றினேன். ஒரே வாரத்தில் ஐடிலில் ஆயில் பிரஷர் முள் கீழே படுத்துவிட்டது. வடித்துவிட்டு வேறு ஆயில் ஊற்றியதும் முள் எழுந்தது. அன்றிலிருந்து பில் இல்லாமல் வாங்குவதில்லை. காலி பக்கெட்டைப் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்காரரிடம் போடும் முன், அதில் யாரும் போலி ஆயிலை நிரப்பி விற்காதபடி ஆணி அடித்து ஓட்டை போடுகிறேன்.

இப்போது செங்கல் வண்டிக்கு சிஐ-4 பிளஸ் 15டபிள்யூ-40 சாதா ஆயில், 8,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். மிச்சமாகும் காசு ஏர் ஃபில்டருக்கும் நாசில் சர்வீசுக்கும் போகிறது. 1613-க்கு சிகே-4 சிந்தெட்டிக், 15,000 கிலோமீட்டர். டர்போ இருந்து, ஒழுக்கும் புகையும் இல்லாமல், நெடுந்தூரம் லோடு இழுக்கிற வண்டி என்றால் தயங்காமல் அதையே ஊற்றச் சொல்வேன்.

சித்தப்பா மகன் மார்த்தாண்டத்தில் டாடா 407 வைத்திருக்கிறான். அடுத்த மாதம் லைனரும் ரிங்கும் மாற்றக் கொடுக்கிறான். முதல் நிரப்பிலேயே சிந்தெட்டிக் ஊற்றட்டுமா அண்ணா என்று கேட்டான். புது ரிங் படிகிறவரை ஆயிலில் இரும்புத் துகள் வரும், 1,000 கிலோமீட்டரில் அதை வடித்துவிட வேண்டியதுதான். அதனால் முதலுக்கும் இரண்டாவதுக்கும் சாதா ஆயில் போதும், மூன்றாவது சர்வீசுக்கு வா, டாப்-அப் நோட்டையும் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.