டுபோஸ் பூங்கா: நாயும் குழந்தையும் சேர்ந்து போக ஏற்ற இடம்

சான் பிரான்சிஸ்கோவில் நாயையும் சிறு பிள்ளையையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு, பேர்பெற்ற கோல்டன் கேட் பூங்காவைவிட டுபோஸ் பூங்காவையே நான் முதலில் பரிந்துரைப்பேன். நான்கு ஏக்கரைச் சற்றே தாண்டும் இந்தச் சிறிய நிலத்துக்குள் சிறுவர் விளையாட்டுத் திடல், கூடைப்பந்து ஆடுகளம், ஹார்வி மில்க் கலை மையம், நாய்களைக் கயிறு இல்லாமல் ஓட விடுவதற்கென்று ஒதுக்கிய புல்வெளி ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. ஓரத்திலுள்ள பழைய விக்டோரிய பாணி மரவீடுகள் சிலவற்றுக்கும் புல்லுக்கும் நடுவே சாலைகூடக் கிடையாது. அந்த வீட்டுக்காரர்களுக்குப் பூங்காதான் முற்றம்.

முதன்முறையாக வருபவர் கவனிக்க வேண்டியது, நாய்களுக்கான புல்வெளியைச் சுற்றி வேலி இல்லை என்பதை. நாய் எதுவரை ஓடலாம் என்பதை அறிவிப்புப் பலகைகள் சொல்கின்றன. அதை நாய்க்குப் புரியவைக்கும் பொறுப்பு முழுவதும் உரிமையாளருடையது. பந்து ஒன்று உருண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பக்கம் போகிறது, ஒரு லாப்ரடார் அதைத் துரத்துகிறது, பின்னாலிருந்து ஒரே ஒரு அதட்டல் கேட்டதும் முன்னங்காலைத் தூக்கியபடியே நின்று திரும்பிப் பார்க்கிறது. இந்தக் கீழ்ப்படிதல்தான் இங்கே வேலியாக இருக்கிறது. எனவே கூப்பிட்டால் திரும்பி வராத நாயை, அது எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், இங்கே அவிழ்த்து விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விளையாட்டுத் திடலுக்குள் நாய்களுக்கு அனுமதியே இல்லை. சறுக்குமரத்தில் ஏறும் குழந்தைக்கும் அந்தத் தடை தேவை, கூச்சலில் மிரளும் நாய்க்கும் தேவை.

இங்கே வரும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் ஒரு நல்ல பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அறிமுகமில்லாத நாயைக் கண்டதும் தொட ஓடாமல், "தொடலாமா?" என்று உரிமையாளரைக் கேட்டு, விரல்களை மடக்கிக் கையைத் தாழ்வாக நீட்டி, நாய் தானாக வந்து முகர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கிறார்கள். நாயைக் கண்டாலே அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தைக்கு, தூரத்தில் உட்கார்ந்து இதைப் பார்ப்பதே நல்ல தொடக்கம்.

சுத்தம் பற்றிப் பேசும்போது இந்தப் பூங்காவுக்கு வரலாற்றிலேயே ஓர் இடம் உண்டு. நாயின் கழிவை உரிமையாளரே அகற்ற வேண்டும் என்ற சட்டத்தை 1978-இல் முன்னெடுத்த நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க், அதை விளக்குவதற்காகச் செய்தியாளர்களை அழைத்து வந்தது இந்தப் புல்வெளிக்குத்தான். அவர்கள் கண் முன்னே கழிவின்மீது கால் வைத்துக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவர் பெயரைத் தாங்கிய மையம் அதே பூங்காவில் இயங்குகிறது என்பதை நினைக்கும்போது, பையை மறந்துவிட்டு வருபவர்மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. புல்லில் தவழும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது சிறு குற்றம் அல்ல.

பூங்காவை ஒட்டியே 'N ஜூடா' என்ற தடத்தின் டிராம் ஓடுகிறது. 1928-இல் திறக்கப்பட்ட சன்செட் சுரங்கத்துக்குள் வண்டி நுழைவதும் வெளிவருவதும் அருகிலேயே தெரிவதால், ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கு ஊஞ்சல்கூட இரண்டாம்பட்சம்தான். ஸ்காட் தெருப் பக்கம் தரையில் வட்ட வட்டமாக அமைந்த ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. ஓட்டமும் சத்தமும் அலுத்த பெரியவர்கள் அதில் மெதுவாக நடக்கலாம்.

நாயோடு டிராமில் வர நினைப்பவர்கள் விதிகளை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். வார நாட்களில் காலை 5 முதல் 9 வரையும் மாலை 3 முதல் 7 வரையும் நாய்களை ஏற்றுவதில்லை; மற்ற நேரங்களில் ஒரு வண்டிக்கு ஒரு நாய் மட்டுமே, அதுவும் கயிறும் வாய்க்கூடும் போட்டு, உரிமையாளருக்கான அதே கட்டணத்தைச் செலுத்தி. ஸ்டைனர் தெரு வழியாக வெளியேறும்போது நாயைக் கயிற்றில் கட்டி, குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேடுகளைத் தவிர்த்துச் செல்லும் மிதிவண்டிக்காரர்களின் முக்கிய வழி அது, வேகமாகவே வருவார்கள்.