இலண்டன் சட்ட நிறுவன விண்ணப்பங்களுக்கான இணையவழிப் பயிற்சி: கீழக்கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் சட்டம் படிக்கும் என் தங்கை மகளுக்காகக் கடந்த பருவத்தில் நாங்கள் பணம் கட்டிச் சேர்ந்த ஓர் இணையவழிப் பயிற்சிச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. இலண்டனின் பெரிய சட்ட நிறுவனங்கள் நடத்தும் வெக்கேஷன் ஸ்கீம் என்னும் விடுமுறைப் பயிற்சிக்கும், அதன் வழியாகக் கிடைக்கும் டிரெய்னிங் காண்ட்ராக்ட் என்னும் இரண்டாண்டுப் பயிற்சிப் பணிக்கும் விண்ணப்பிக்க மாணவர்களைத் தயார் செய்வதே அந்தச் சேவையின் வேலை. பெயரைக் குறிப்பிடவில்லை, இதே வகையில் இயங்கும் எந்தச் சேவையை விசாரிப்பவருக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேர்காணல் பயிற்சிக்கும் தேர்வுப் பயிற்சிக்கும் கொடுத்த பணம் தகும், மாதிரி விடைத் தொகுப்புக்குக் கொடுத்த பணம் வீண், அது நம் பிள்ளைகளுக்குக் கெடுதலும் செய்கிறது.

இராமநாதபுரத்தில் வழக்கறிஞராக இருக்கும் எனக்கே இந்த ஏற்பாடு முதலில் பிடிபடவில்லை. இங்கே சட்டக் கல்லூரி மாணவர், இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். அதற்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவர் ஒரு சீனியரிடம் சொல்லிவிட்டால் போதும். அங்கே ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை நடக்கும் வெக்கேஷன் ஸ்கீம், பெயருக்கு விடுமுறைப் பயிற்சியாக இருந்தாலும், உண்மையில் நீண்டதொரு வேலைத் தேர்வு. நிறுவனமே வாரச் சம்பளம் கொடுத்து மாணவரை அமர்த்தி, வேலை தந்து, அவர் எழுதுவதையும் பேசுவதையும் பிறரோடு பழகுவதையும் கவனித்து, பெரும்பாலும் கடைசியில் ஒரு நேர்காணலும் நடத்தி, இரண்டாண்டு டிரெய்னிங் காண்ட்ராக்டைக் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்கிறது. அந்த இரண்டாண்டும் வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு துறையாக நான்கு துறைகளில் கழியும். சட்டம் படிப்பவர்கள் மூன்றாண்டுப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்கிறார்கள். பணியில் சேர்வது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. கோடைத் திட்டங்களுக்கான கடைசி நாள் பல நிறுவனங்களில் டிசம்பரிலோ ஜனவரியிலோ வந்துவிடுகிறது. சில நிறுவனங்கள் அதற்கும் காத்திராமல் வந்த வரிசையிலேயே படித்து இடங்களை நிரப்பிவிடுகின்றன. இந்தக் கால அட்டவணையை முதல் வகுப்பிலேயே தெளிவாகச் சொன்னதற்காக அந்தச் சேவையைப் பாராட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து சென்று படிக்கும் மாணவர்கள் பலர் மூன்றாம் ஆண்டில்தான் இதை அறிந்துகொள்கிறார்கள்.

ஒரு பருவத்துக்கான முழுத் தொகுப்பின் கட்டணம் ஏறத்தாழ 40 ஆயிரம் ரூபாய். அதில் குழு வகுப்புகள், தேர்வுப் பயிற்சி, மாதிரி விடைத் தொகுப்பு, வரைவுகளைப் படித்துத் திருத்தித் தருதல், ஒத்திகை நேர்காணல் ஆகியவை அடக்கம். பணம் கட்டுவதற்கு முன் என் தங்கை, "காக்கா, இதைக் கட்டினா புள்ளைக்கு வேலை கிடைச்சிருமா?" என்று கேட்டாள் (அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்). கிடைக்கும் என்று அந்தச் சேவை எங்குமே சொல்லவில்லை, அது அவர்களுடைய நேர்மை என்று சொன்னேன். வகுப்புகள் இலண்டன் நேரப்படி மாலை ஆறு மணிக்கு நடந்தன. கோடையில் அது நமக்கு இரவு பத்தரை. விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளை, வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு மாடியில் உட்கார்ந்து படித்தாள். நானும் பல இரவுகள் உடன் இருந்தேன். மின்சாரம் போன நாள்களில் தவறிய வகுப்புகளின் பதிவு மறுநாள் காலையிலேயே கிடைத்தது.

தேர்வுப் பயிற்சி நன்று. பல நிறுவனங்கள் விண்ணப்பத்தோடு வாட்சன் கிளேசர் என்னும் தேர்வை வைக்கின்றன. ஊகம், மறைந்திருக்கும் அனுமானம், தருக்க முடிவு, பொருள்கோடல், வாத மதிப்பீடு என்று ஐந்து பகுதிகள். நினைவாற்றலுக்கோ சட்ட அறிவுக்கோ அதில் வேலை இல்லை. கொடுத்த பத்தியில் உள்ளதை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டும். வெளியில் தெரிந்த உண்மையைச் சேர்த்தால் விடை தவறிவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் இதில் சறுக்குகிறார்கள், ஏனெனில் தெரிந்ததை மறைத்துவைக்க நம் பள்ளிகள் கற்றுத் தருவதில்லை. இந்தச் சேவையில் ஒவ்வொரு தவறான விடைக்கும் அது ஏன் தவறு என்று எழுதிக் கொடுத்தார்கள். சில சட்ட நிறுவனங்கள் தங்கள் தளங்களில் இலவச மாதிரித் தேர்வுகளை வைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் மதிப்பெண்தான் தெரியும், காரணம் தெரியாது. அந்த வேறுபாட்டுக்குப் பணம் கொடுக்கலாம்.

படிவம் நிரப்புவதிலும் ஒரு நல்ல ஆலோசனை கிடைத்தது. பள்ளிச் சான்று கேட்கும் இடத்தில் இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் மதிப்பெண்ணுக்கான பெட்டிகள்தாம் இருக்கும். தமிழ்நாட்டு மேல்நிலைத் தேர்வின் 600 மதிப்பெண்ணை அதில் எப்படிக் காட்டுவது என்று பிள்ளை தடுமாறினாள். நாமாக அதை இங்கிலாந்துத் தரவரிசைக்கு மாற்றி எழுதக்கூடாது, பாடவாரியாகப் பெற்றதை அப்படியே எழுதி, விளக்கம் தரும் பகுதியில் தேர்வு வாரியத்தின் பெயரையும் மொத்த மதிப்பெண்ணையும் குறிப்பிட வேண்டும் என்றார்கள். சரியான அறிவுரை, பின்னால் சான்றிதழ் சரிபார்க்கும்போது பிள்ளை மீது சந்தேகம் வராது.

இனி மாதிரி விடைத் தொகுப்பு. ஏன் சட்டம், ஏன் எங்கள் நிறுவனம், அண்மையில் உங்கள் கவனத்தை ஈர்த்த வணிகச் செய்தி எது என்பன போன்ற கேள்விகளுக்கு முன்பு வென்றவர்கள் எழுதியவை என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே நடை: ஒரு பெரிய நிறுவன இணைப்பு, அதில் அந்தச் சட்ட நிறுவனத்தின் பங்கு, விவாத மன்றத்தில் பெற்ற தலைமைப் பண்பு. அவற்றை எழுதியவர் எந்த ஊரில் பிறந்தார், எந்தத் தெருவில் வளர்ந்தார் என்று ஒரு வரியிலும் தெரியாது. பிள்ளையின் முதல் வரைவும் அதே அச்சில் வந்தது. நான் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, உனக்கு நேரில் தெரிந்த ஒரு வியாபாரத்தை எழுது என்றேன்.

அவளுடைய சாச்சா, அதாவது சித்தப்பா, தேவிபட்டினத்தில் கடல் நண்டு வாங்கி நண்டு கம்பெனிக்குக் கொடுப்பவர். நாட்டுப்படகுக்காரர்களுக்கு வலை வாங்கவும் இன்ஜின் பழுதுபார்க்கவும் முன்பணம் கொடுப்பார். கடன் தீரும்வரை பிடிக்கும் நண்டை அவருக்கே போட வேண்டும் என்பது வாய்ப்பேச்சு ஒப்பந்தம். கம்பெனியில் பெண்கள் அவித்த நண்டின் சதையைப் பிரித்தெடுக்க, அது டப்பாவில் அடைபட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் விழும் என்பதுதான் அந்த வீட்டில் பேச்சாக இருந்தது. வாங்குபவர் விலையைக் குறைத்தால் கம்பெனி சாச்சாவிடம் குறைக்கும். சாச்சா படகுக்காரரிடம் குறைப்பார். படகுக்காரர் யாரிடமும் குறைக்க முடியாது, ஏனெனில் முன்பணத்தால் அவர் வேறு வியாபாரியிடம் போக வழியில்லை. ஒப்பந்தத்தில் ஆபத்தை யார் ஏற்பது, வரி மாறினால் விலையைத் திருத்தும் பிரிவு இருக்கிறதா, கடனுக்கு ஈடு என்ன, எழுத்தில் இல்லாத உடன்பாட்டை எப்படி நிரூபிப்பது என்று ஒரு வணிகச் சட்ட நிறுவனம் நாள்தோறும் கேட்கும் கேள்விகள் அத்தனையும் அந்த நண்டுக் கூடைக்குள் இருந்தன. கமர்ஷியல் அவேர்னஸ், அதாவது வணிக விவரம் அறிந்திருத்தல், என்று அந்த நிறுவனங்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

பிள்ளை அதைத் தன் சொற்களில் எழுதி அனுப்பினாள். சேவையின் முதல் திருத்துநர், இது உள்ளூர் விஷயம், பார்ட்னர்களுக்கு (நிறுவனத்தின் பங்குதாரர்களான மூத்த வழக்கறிஞர்களுக்கு) ஆர்வம் வராது, செய்தித்தாளில் வந்த ஒரு பெரிய பரிவர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பினார். அன்று அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். கடற்கரையில் பிறந்த பிள்ளை இலண்டன் போக வேண்டுமானால் கடற்கரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதே அந்தக் குறிப்பின் பொருள். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வரும் இடத்தில் எல்லாரும் எழுதும் இணைப்புச் செய்தியை இவளும் எழுதினால் இவளை எதைக்கொண்டு அடையாளம் காண்பார்கள்? வேறொரு திருத்துநரைக் கேட்டு வாங்கினோம். இலண்டன் நிறுவனம் ஒன்றில் டிரெய்னியாக, அதாவது பயிற்சிப் பணியாளராக, இருந்து சொலிசிட்டர் என்னும் அந்நாட்டு வழக்கறிஞரான அவர், இதை ஒரு வரிகூட எடுக்காதீர்கள், ஆனால் படகுக்காரர் மீதான இரக்கத்தோடு நிறுத்திவிடாமல் ஏற்றுமதியாளருக்கு நீங்கள் என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்பதையும் சேருங்கள் என்றார். அந்த ஒரு குறிப்பு மாதிரி விடைத் தொகுப்பு முழுவதையும்விடப் பெறுமானமுள்ளது. ஒரே சேவைக்குள் திருத்துநருக்குத் திருத்துநர் இவ்வளவு வேறுபாடு இருப்பது அந்த நிறுவனம் சரிசெய்ய வேண்டிய குறை.

ஒத்திகை நேர்காணல்தான் இந்தச் சேவையின் சிறந்த பகுதி. அசெஸ்மெண்ட் சென்டர் என்னும் நாள்முழுத் தேர்வில் குழுப் பணி, எழுத்துப் பணி, ஒரு வழக்குப் பொருளைப் படித்து விளக்குதல், பார்ட்னருடன் நேர்காணல் என்று பலவும் வரும். நம் பிள்ளைகளுக்கு அதில் உள்ள தடை ஆங்கிலம் இல்லை. பெரியவர் ஒருவர் மறுத்துப் பேசினால் உடனே தலையாட்டி ஒப்புக்கொள்வதை மரியாதை என்று பழகியிருக்கிறோம். அங்கே நேர்காணல் செய்பவர் வேண்டுமென்றே மறுத்துப் பேசி, காரணத்தோடு நிலைத்து நிற்கிறாரா என்று பார்க்கிறார். ஒத்திகை எடுத்தவர் அதைப் பிள்ளைக்குக் கடிந்துகொள்ளாமல், திரும்பத் திரும்ப எதிர்க்கேள்வி கேட்டே பழக்கினார். புதிய உண்மை வந்தால் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், குரல் உயர்ந்ததற்காக மாற்றக்கூடாது என்று அவர் சொன்னதை என் ஜூனியர்களுக்கும் சொல்லிவருகிறேன். பின்னர் உண்மையான நேர்காணலில் நண்டு வியாபாரத்தைப் பற்றியே பார்ட்னர் நெடுநேரம் கேட்டிருக்கிறார். ஒரு நிறுவனத்தின் கோடைத் திட்டத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. மற்ற நிறுவனங்களிலிருந்து மறுப்புகள் வந்தன. டிரெய்னிங் காண்ட்ராக்ட் பற்றிய முடிவு இனிமேல்தான்.

மிகப் பெரிய குறை இன்னொன்று. இந்தச் சேவை அதே தொகுப்பை இந்தியாவில் ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்களுக்கும் விற்கிறது. குழு வகுப்பில் மதுரை, சென்னை இளம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். 2021 செப்டம்பரில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த, சொலிசிட்டராகத் தகுதி பெறுவதற்கான எஸ்.க்யூ.இ. தேர்வு முறையில், வேறு நாட்டில் தகுதி பெற்ற வழக்கறிஞர் இரண்டாண்டுப் பணி அனுபவத்தைக் காட்டத் தேவையில்லை. தலா 180 வினாக்கள் கொண்ட இரண்டு தாள்களை உடைய முதல் பகுதியையும், 16 செயல்முறைத் தேர்வுகளைக் கொண்ட இரண்டாம் பகுதியையும் தேறி, நன்னடத்தை உள்ளிட்ட மற்றத் தகுதிகளையும் நிறைவுசெய்தால் போதும். அனுபவத்தைப் பொறுத்து இரண்டாம் பகுதியிலிருந்து விலக்கும் கோரலாம். தேர்வுக் கட்டணமே 4,500 பவுண்டுக்கு மேல் ஆகிறது என்பதால், இவர்கள் காசைச் சேமிக்க வேண்டியது அதற்குத்தான். பெரிய நிறுவனத்துக்குள் நுழைய டிரெய்னிங் காண்ட்ராக்ட் நல்ல வாசல் என்பது உண்மை, ஆனால் இவர்களுக்கு அது ஒன்றே வாசல் இல்லை என்பதைப் பணம் வாங்கும் முன் சொல்ல வேண்டாமா? அங்கேயே படிக்கும் மாணவர்களுக்கும், சொலிசிட்டர் தகுதிக்குத் தேவையான அந்த இரண்டாண்டு அனுபவத்தை நான்கு இடங்கள் வரை சேர்த்துக் காட்டலாம் என்பதை இவர்கள் ஒரு வகுப்பின் கடைசியில்தான், அதுவும் ஒருவர் கேட்ட பிறகுதான், சொன்னார்கள்.

விசா பற்றிய பட்டியலும் அரைகுறை. எந்த நிறுவனம் வெளிநாட்டினரை வேலை விசாவில் அமர்த்தும் ஸ்பான்சர் உரிமம் வைத்திருக்கிறது என்பதை இங்கிலாந்து அரசே தன் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அதைப் பார்ப்பதே மேல்.

வெளிநாட்டு வேலை என்றதும் ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்துப் பழகிய ஊர்கள் நம்முடையவை என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வெக்கேஷன் ஸ்கீமில் நிறுவனம்தான் மாணவருக்குச் சம்பளம் கொடுக்கும். இலண்டன் நிறுவனத்தில் பயிற்சி இடம் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள் என்று யார் கேட்டாலும் அது மோசடி. நான் மதிப்பிடும் சேவை அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

இந்தச் சேவையில் சேர நினைப்பவர்கள் முழுத் தொகுப்பை வாங்க வேண்டாம். ஒத்திகை நேர்காணலையும் வரைவுத் திருத்தத்தையும் தனித்தனியாகவும் தருகிறார்கள். விலைப் பக்கத்தின் அடியில் இருக்கும் அதைக் கேட்டு வாங்குங்கள், இரண்டும் சேர்ந்து முழுக் கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகவே வருகிறது. பணம் கட்டும் முன்பே, திருத்துநர் இலண்டன் நிறுவனத்தில் டிரெய்னியாகப் பணியாற்றியவரா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பங்கள் திறக்கும் செப்டம்பருக்கு முன், ஜூலை, ஆகஸ்டிலேயே சேர்ந்துவிட்டால் திருத்துநர்கள் நிதானமாகப் படித்துத் தருகிறார்கள். டிசம்பரில் அனுப்பிய வரைவு எங்களுக்குக் கடைசி நாள் கடந்த பிறகே திரும்பி வந்தது.